பொதியின் அகலம்

பெங்களூர் ஜே.சி. சாலைக் கடைகளில் இமாலயன் வண்டிக்கு அலுமினியப் பெட்டி தேடுவோர் கேட்பது கொள்ளளவை. கேட்க வேண்டியதோ அகலத்தை. கைப்பிடியையும் மீறிப் புடைக்கும் பெட்டி சில்க் போர்டு நெரிசலில் அடுத்த வண்டியை உரசும். மலைப்பாதைச் சரளையில் கால் ஊன்ற நேர்ந்தால், முன்னகரும் வண்டியின் பெட்டி கெண்டைக்காலைப் பின்னிருந்து தாக்கி எலும்பையே முறிக்கலாம். துணிப்பை அவ்வளவு கொடியதன்று, வளைந்து கொடுக்கும்.

ஆயினும் பெட்டியை அடியோடு தள்ளுதல் நேர்மையன்று. நீர்புகாத பைகள் உண்டு. கத்திக்குத் தப்பும் பை அரிது. மடிக்கணினியும் கள ஆய்வு ஒலிப்பதிவுக் கருவியும் சுமப்போருக்குப் பூட்டு சிறு செய்தியன்று.

பெரும்பாணாற்றுப்படையின் மிளகுக் கழுதைகள் இருபுறமும் நிகர்செய்த பொதியைச் சுமந்தன. முதுகில் தழும்பும் இருந்தது. ('பன்னியர்' என்பதும் இலத்தீன் ரொட்டிக்கூடையின் வழிவந்த சொல்லே.) எந்திரத்துக்கும் அதே இலக்கணம்: இருபுறமும் நிகர் எடை, கனமானவை தாழ்வாக, இருக்கைக்கு நெருக்கமாக.

இரண்டு நாள் சிக்கமகளூர்ப் பயணத்துக்கு இரும்புச் சட்டமும் இரட்டைப் பெட்டியும் மாட்டுவது தேவையன்று, தோரணை. லடாக் செல்வோர் வாங்கட்டும். சட்டத்தோடு சேர்த்து அகலத்தை நாடாவால் அளந்த பின்னரே பணம் கொடுக்கட்டும்.