கடைசிக் கைக்கு வந்த டீசல் கார்

2012 மே மாதக் கடைசியில் டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 73 ரூபாய் 18 காசு. அதே பங்கில் டீசல் 40 ரூபாய் 91 காசு. தமிழ்நாட்டில் வரி வேறு என்பதால் விலை சற்று முன்பின் இருந்தது. இடைவெளி இங்கும் பெரிதுதான். லாரிக்கும் பேருந்துக்கும் டிராக்டருக்கும் என்று அரசு விலையை அடக்கி வைத்திருந்த எரிபொருளை வீட்டுக் காரின் டேங்குக்குள் கொண்டுவந்தது அந்த முப்பத்திரண்டு ரூபாய் வித்தியாசம். 2012-13இல் நாட்டில் விற்ற பயணிகள் வாகனங்களில் பாதிக்கு மேல் டீசல். இன்று ஐந்தில் ஒன்றுகூட இல்லை.

பெட்ரோல் விலையை 2010 ஜூனிலேயே சந்தையிடம் விட்ட மத்திய அரசு, டீசலை மட்டும் பிடித்து வைத்திருந்தது. 2013 ஜனவரியிலிருந்து மாதம் ஐம்பது காசு என்று ஏற்றி, 2014 அக்டோபரில் அதையும் விட்டுவிட்டது. 2020 ஜூனில் டெல்லியில் டீசல் விலை பெட்ரோலையே தாண்டியது. பத்து வருடத்துக்குள் கணக்கு தலைகீழானது. ஆனால் பழைய கணக்கை நம்பி வாங்கிய கார்கள் சாலையில் இருக்கின்றன. சென்னையிலும் கோவையிலும் முதலில் வாங்கியவர்கள் ஐந்தாறு வருடம் ஓட்டிவிட்டு மாற்றிக்கொண்டார்கள். இரண்டாம் கை, மூன்றாம் கை என்று இறங்கி, அந்த வண்டிகளில் பல இப்போது தருமபுரி மாவட்டத்தின் பொம்மிடி, கடத்தூர், பாப்பிரெட்டிப்பட்டி போன்ற ஊர்களில் ஓடுகின்றன. அடிக்கடி மெக்கானிக் ஷெட்டிலும் நிற்கின்றன.

பொம்மிடியில் ஒரு வீட்டுக் காருக்கு என்ன வேலை? ரயில் நிலையத்தில் ஆளைக் கொண்டுவிடுவது, பொ.மல்லாபுரம் கடைத்தெரு, தோப்புக்கு ஒரு நடை, பிள்ளையை டியூஷனுக்கு விட்டு அழைத்து வருவது. எல்லாம் சில கிலோமீட்டருக்குள். மாதத்தில் ஓரிரு தடவை தருமபுரி, அரூர், சேலம். முகூர்த்த மாதமென்றால் கொஞ்சம் கூடுதல். டீசல் இன்ஜினுக்கு இதைவிடப் பொருந்தாத ஓட்டம் கிடையாது. அது சூடேற நேரம் பிடிக்கும். சூடேறுவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டால் புகைக்கரி உள்ளேயே தங்கும். புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வு அடைக்கும், டர்போ திணறும், பிக்கப் குறையும். நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடும் டாக்ஸி மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் உழைக்கும். அதே இன்ஜின் ஊருக்குள் நின்று நின்று ஓடும்போது அதில் பாதியிலேயே நோஞ்சானாகிவிடும். பழுது வரும் வண்டியை "ராசியில்லாத வண்டி" என்று சொல்வது நம் பழக்கம். பெரும்பாலும் குறை ராசியில் இல்லை. வண்டிக்கும் ஓட்டத்துக்கும் உள்ள பொருத்தத்தில் இருக்கிறது.

பழைய டீசலையும் புதிய டீசலையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது அடுத்த குழப்பம். 1998 டிசம்பரில் டாடா இண்டிகா வந்தபோது அதன் 1,405 சி.சி. இன்ஜினில் எலெக்ட்ரானிக் சமாச்சாரம் பெரிதாக இல்லை. முதல் வண்டிகளில் புகார் ஏராளம். நிறுவனம் குறைகளைத் திருத்தி 2001இல் வி2 என்று மறுபடி கொண்டுவந்த பிறகுதான் அது நிமிர்ந்தது. ஆனாலும் எது பழுதானாலும் ஊர் மெக்கானிக் கைவைக்க முடிந்தது. பம்பைக் கழற்றி சேலத்துக்கு அனுப்பி கேலிப்ரேஷன் செய்து மாட்டினால் ஓடும். டீசல் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்தால் வடித்துவிட்டு, ஏர் லாக் எடுத்து, கிளம்பிவிடலாம்.

காமன் ரெயில் வந்ததும் அந்தக் காலம் முடிந்தது. ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில், மிக நுண்ணிய துளைகள் வழியே டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களுக்குத் துளி தண்ணீரோ தூசியோ ஆகாது. காலையில் செல்ஃப் அடித்தால் இழுத்துக்கொண்டே இருக்கிறது, எளிதில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது என்றால் விவரமான மெக்கானிக் முதலில் பார்ப்பது ரிட்டர்ன் டீசலைத்தான். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, நான்கு சிறிய பாட்டில்களில் விட்டு, இன்ஜினை ஐடிலிங்கில் ஓட விடுவார். மூன்று பாட்டிலில் கால் பங்கு நிரம்பும்போது நான்காவது வழியுமானால், அந்த இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டது. இதுவரை ஊரிலேயே செய்யலாம். ஆனால் பல வண்டிகளில் புது இன்ஜெக்டரை மாட்டினால் மட்டும் போதாது. அதன் மேல் பொறித்த குறியீட்டை ஸ்கேனர் வைத்து இன்ஜின் கணினியில் ஏற்ற வேண்டும். ஸ்கேனர் இருக்கும் இடத்துக்கு வண்டியைக் கட்டி இழுத்துப் போகும் செலவு பில்லில் வராது. கையைக் கடிப்பது என்னவோ அதுதான்.

2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 புகை விதி இன்னொரு படி மேலே. புகைக்கரியைப் பிடித்து வைத்து, பிறகு எரித்துச் சாம்பலாக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இந்தக் கார்களில் இருக்கிறது. எரிவதற்கு ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் வேண்டும். அதற்குச் சீரான வேகத்தில் கால்மணி, இருபது நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். ரயில் நிலையத்துக்கும் வீட்டுக்கும் ஓடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே இல்லை. எரிக்க முயன்று பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு முறையும், வெப்பம் ஏற்றுவதற்காகக் கூடுதலாகச் செலுத்திய டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் அளவு ஏறியிருக்கும், முகர்ந்தால் டீசல் வாடை வரும். ஆயில் குறையவில்லை என்று சந்தோஷப்படுபவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: அங்கே நீர்த்துப்போன ஆயிலில் பேரிங்குகள் தேய்ந்துகொண்டிருக்கின்றன. இந்த மாதிரி வண்டி இப்போதுதான் இரண்டாம் கையாக ஊர்ப்பக்கம் வரத் தொடங்கியிருக்கிறது.

நிறுவனங்கள் இதை முன்கூட்டியே கணக்குப் போட்டுவிட்டன. ஃபியட்டின் 1,248 சி.சி. இன்ஜினை ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் என்று வரிசையாகப் பொருத்தி விற்ற மாருதி, சிறிய டீசல் இன்ஜினை பி.எஸ்.6க்கு மாற்றினால் விலை கட்டுப்படியாகாது என்று 2019 ஏப்ரலிலேயே டீசலுக்கு முழுக்குப் போடுவதாக அறிவித்தது. சாலையில் ஓடும்போதே புகையை அளக்கும் விதி 2023இல் வந்ததும் ஹோண்டாவும் இந்தியாவில் டீசலைக் கைவிட்டது. அதற்கு முன்பே ஷெவர்லே கார்களை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியில் இங்கே விற்பனையை நிறுத்திக்கொண்டது. மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டு, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. உதிரிபாகமும் சர்வீஸும் தொடரும் என்று இரண்டுமே சொல்லின. சென்னையிலிருந்து பார்த்தால் அது போதுமான உறுதி. தருமபுரி மாவட்டத்தின் ஒரு மூலையிலிருந்து பார்த்தால், ஒரே வயதுள்ள இரண்டு டீசல் கார்களில் ஒன்றுக்குப் பக்கத்து ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலேயே சாமான் கிடைக்கும். இன்னொன்றுக்கு ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இன்ஜினின் தரத்தைவிட, அந்த இன்ஜின் எத்தனை வீட்டு வாசலில் நிற்கிறது என்பதுதான் பழைய காரின் நம்பகத்தைத் தீர்மானிக்கிறது. ஸ்விஃப்ட் டீசல் இன்றும் விலைபோவதற்கு இதுவே காரணம்.

குறை வண்டியில்தான் என்று நிரூபணமானாலும் இங்கே வாங்கியவருக்கு என்ன கிடைத்தது? ஷேர் டாக்ஸிக்காரர்களின் செல்லப் பிள்ளையாக இருந்த டவேராவில், 2005 முதல் 2013 வரை தயாரான 1,14,000 வண்டிகளைப் புகை அளவு, எடைக் குறிப்பு மீறலுக்காக 2013 ஜூலையில் ஜெனரல் மோட்டார்ஸ் திரும்ப அழைத்தது. சோதனையின்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டிய ஃபோக்ஸ்வாகனின் டீசல் மோசடி 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளிப்பட்டது. அங்கே ஏறத்தாழ 4,75,000 கார் உரிமையாளர்களுக்கு, காரை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளும் வாய்ப்பும் ரொக்க இழப்பீடும் கிடைத்தன. இந்தியாவில் 3,23,000க்கும் அதிகமான கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருளை மாற்றிக் கொடுத்தார்கள். பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கைக்குத் தடை போட்டது. கார் வைத்திருந்தவர் கைக்கு ஒரு ரூபாயும் வரவில்லை.

அதன் பிறகு சட்டம் வந்தது. திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 2021 ஏப்ரல் 1 முதல் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க அரசே உத்தரவிடலாம். ஆனால் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு மட்டும். பொம்மிடியில் மூன்றாம் கையாக வாங்கிய டீசல் காருக்கு அந்த வயது எப்போதோ கடந்துவிட்டது. பழுதும் செலவும் எந்த வயதில் தொடங்குகிறதோ, அந்த வயதில் சட்டம் விலகிக்கொள்கிறது. இதை ஏற்க முடியாது. குறைந்தபட்சம், சந்தையை விட்டு வெளியேறும் நிறுவனம் கடைசி வண்டி விற்ற நாளிலிருந்து பதினைந்து வருடம், அதாவது முதல் பதிவின் ஆயுள் முழுக்க, இன்ஜின் பாகங்களையும் ஸ்கேனர் மென்பொருளையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதி வேண்டும். பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை தொடங்கிய இணையதளத்தில் வாகனத் துறையும் இருக்கிறது. அது தகவல் பலகையாக நிற்காமல் கட்டாயமாக மாற வேண்டும்.

சட்டம் வரும்வரை வீட்டுக்காரர் போட வேண்டிய கணக்கு வேறு. பெட்ரோல் கார் லிட்டருக்கு 16 கிலோமீட்டர், டீசல் கார் 20 என்று வைத்துக்கொள்வோம். 2012 டெல்லி விலையில் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் மிச்சம். டீசலுக்காகக் கூடுதலாகக் கொடுத்த ஒரு லட்சத்தை 40,000 கிலோமீட்டரில் எடுத்துவிடலாம். 2024 மார்ச் குறைப்புக்குப் பிறகு சென்னையில் பெட்ரோல் ஏறத்தாழ 101 ரூபாய், டீசல் ஏறத்தாழ 92. இந்த விலையில் மிச்சம் ஒரு ரூபாய் எழுபது காசுதான். வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்துக்கு மொத்த மிச்சம் 13,600 ரூபாய். ஒரு இன்ஜெக்டரோ டர்போவோ போனால் அந்த வருடத்து மிச்சம் முழுவதும் அதற்கே சரியாகப் போகும்.

இந்தக் கணக்கு தெரிந்தும் பலர் வண்டியை விடுவதில்லை. "போன மாசம்தான் கிளட்ச் மாத்தினேன், இப்பப் போய் விக்கறதா?" என்பார்கள். போட்ட காசு போட்டதுதான். வாங்குபவர் அதற்குத் தனியாக விலை தரப்போவதில்லை. பார்க்க வேண்டியது அடுத்த இரண்டு வருடத்தை. வண்டி எவ்வளவு ஓடும், அதில் எத்தனை நடை குறுந்தூரம், அடுத்து விழக்கூடிய பெரிய செலவு எது, அந்தப் பாகம் எங்கே கிடைக்கும் என்பவை போதும். எல்லாவற்றையும்விட, நடுராத்திரியில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டி வந்தால் இந்த வண்டியை நம்பி ஏறுவார்களா என்று வீட்டிலுள்ள பெண்களைக் கேட்க வேண்டும். அவர்கள் தயங்கினால் அந்தக் கார் வீட்டுக் காராக இருக்கும் தகுதியை இழந்துவிட்டது. தொப்பூர்க் கணவாயில் பாரம் ஏற்றி ஏறி இறங்குபவருக்கும், தினமும் நூறு கிலோமீட்டருக்கு மேல் வாடகை ஓட்டுபவருக்கும் டீசல் இன்றும் சரியான தேர்வு. மற்றவர்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வழி கொஞ்சம் எளிதாகியிருக்கிறது. நான்கு மீட்டருக்குள் அடங்கும், 1,200 சி.சி. வரையுள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸுமாக 29 சதவீதம் இருந்த வரி 18 சதவீதமாக இறங்கியது. பழைய டீசலை மாற்றிச் சிறிய பெட்ரோல் காருக்குப் போக நினைப்பவர் இதைத் தவறவிடக் கூடாது.

விற்கும்போது ஒரு கடமை இருக்கிறது. தொல்லை கொடுத்த வண்டி அதே தொல்லையுடன்தான் அடுத்த வீட்டுக்குப் போகிறது. அந்த வீடு பெரும்பாலும் இதைவிட வசதி குறைந்தது. காலையில் ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்யும் வண்டியை, இன்ஜினைச் சூடாக்கி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுவது மோசடி. பழைய கார் வியாபாரிகள் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அதோடு, பெரிய பழுதுகளை எழுத்தில் சொல்லும் கட்டாயத்தையும் சேர்க்க வேண்டும்.

பெயர் மாற்றத்தையும் வாங்குபவர் பொறுப்பில் விட்டுவிட்டு இருந்துவிடக் கூடாது. பல கை மாறியும் பதிவில் பழைய பெயரே நின்ற, இன்சூரன்ஸ் இல்லாத ஒரு கார் விபத்தில் சிக்கிய வழக்கில், இழப்பீடு கொடுக்க வேண்டியவர் பதிவில் பெயருள்ள முதல் உரிமையாளர்தான் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை எப்போதோ விற்றுவிட்டேன் என்ற அவர் வாதம் எடுபடவில்லை. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வியாபாரியிடம் கொடுத்தால், அவர் அங்கீகாரம் பெற்றவர்தானா என்று பார்த்து, வண்டியை ஒப்படைத்ததற்கான படிவம் 29சி பதிவான பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். ஃபாஸ்டேக்கையும் அன்றே முடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தொப்பூர் சுங்கச்சாவடியில் அடுத்தவர் போகும் ஒவ்வொரு நடைக்கும் பணம் பழைய சொந்தக்காரர் கணக்கிலிருந்தே கழியும்.