தாழ்ந்த வண்டிக்கு விடுதலை!

பழைய ‘பிக்கப்’ வண்டியை வாங்குகிறார்கள். பழுது பார்க்கிறார்கள். பளபளவென்று வர்ணம் பூசுகிறார்கள். பிறகு ஸ்பிரிங்கை மாற்றி, தரையை ஒட்டும்படி தாழ்த்துகிறார்கள்!

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில் வாழும் மெக்சிகோ வம்சத்தினரின் நெடுநாள் ஆசை இது. அப்பாவும் மகனும் சேர்ந்து வேலை செய்வார்கள். பிறகு குடும்பத்தோடு ஏறிக்கொண்டு, கடைத்தெருவில் ஊர்வலம் போல மெல்லப் போவார்கள்.

இது குற்றமா? குற்றம் என்றது 1958-ம் ஆண்டுச் சட்டம். சக்கர வளையத்தின் அடிமட்டத்துக்குக் கீழே, வண்டியின் எந்தப் பாகமும் இறங்கக் கூடாதாம்!

இளைஞர்கள் சும்மா இருப்பார்களா? 1959-ல் ரான் அகிரே என்பவர், விமானங்களில் உள்ளது போன்ற எண்ணெய் அழுத்தக் கருவியைத் தமது காரில் பொருத்தினார். விசையைத் தட்டினால் கார் தாழும். போலீஸ் தலை தெரிந்தால் உயரும்!

கண்டபடி ஸ்பிரிங்கை வெட்டினால் ஆபத்துதான். வண்டி குலுங்கும், அடிப்பாகம் ரோட்டில் உரசும். ஆனால், “எங்களை மடக்கவே இந்தச் சட்டம்” என்று அந்த மக்கள் குமுறினார்கள்.

2023-ல் சட்டசபை அதை ரத்து செய்தது. கவர்னர் நியூசம் கையெழுத்திட்டார். 2024 ஜனவரி 1 முதல் தடை நீங்கியது. மெல்ல ஊர்வலம் போவதையும் நகரசபைகள் தடுக்க முடியாது.

அதற்காக இஷ்டம் போல இறக்கிவிட முடியுமா? முடியாது. முன்விளக்கு தரையிலிருந்து 22 அங்குல உயரத்திலாவது இருக்க வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது!