மெயில் போனால் மட்டும் போதுமா?

புதிய கம்ப்யூட்டரில் தண்டர்பேர்ட் போன்ற மெயில் புரோகிராமை அமைக்கும்போது பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். வந்த மெயிலைப் படிக்க யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்கிறது, அது நியாயம். மெயிலை அனுப்பவும் பாஸ்வேர்ட் கேட்கிறதே, அது எதற்கு? தபால் பெட்டியில் கடிதம் போடுபவரிடம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லையே?

இப்படிக் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: கேட்கட்டும், கேட்காத சர்வர்தான் ஆபத்தானது.

ஒரு நிறுவனத்தின் மெயில் சர்வர் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். முதலாவது, தன் ஆட்களுக்கு வெளியிலிருந்து வரும் மெயிலை வாங்கி வைப்பது. இது உலகின் எந்த மூலையிலிருந்தும் வரலாம் என்பதால், கொண்டுவருபவரிடம் பாஸ்வேர்ட் கேட்க முடியாது. இரண்டாவது, தன் ஆட்கள் எழுதும் மெயிலை வெளியே அனுப்புவது. இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று உண்டு. யாரோ ஒரு வெளியார், இன்னொரு வெளியாருக்கு எழுதிய மெயிலைக் கொண்டுவந்து கொடுப்பது. அதையும் எந்தக் கேள்வியும் இல்லாமல் வாங்கி அனுப்பும் சர்வரைத்தான் ஓப்பன் ரிலே என்று அழைக்கிறோம்.

உங்கள் அலுவலகத்தின் தபால் பிரிவை நினைத்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் ஒரே ஒரு கடிதத்தையும் நீண்ட முகவரிப் பட்டியலையும் நீட்டுகிறார். உங்கள் ஊழியர் அதைப் பிரதி எடுத்து, அலுவலகச் செலவில், அலுவலக முத்திரையுடன் எல்லோருக்கும் அனுப்பி வைக்கிறார். அது மோசடிக் கடிதம் என்றால் பழி யார் மேல் விழும்? மெயிலிலும் இதே கதைதான். மெயில் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி என்ற விதிமுறை 1982-ல் வெளியானது. ஒரு மெயிலுடன் குறைந்தது 100 முகவரிகளையாவது சர்வர் ஏற்க வேண்டும் என்று அது சொல்கிறது. பிரதி எடுக்கும் சுமை முழுவதும் சர்வருக்கு. அனுப்புகிறவருக்குச் செலவே இல்லை.

அந்த நாளில் எல்லா சர்வர்களும் இப்படித் திறந்தே கிடந்தன. நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர்களும் குறைவு, இணைப்பும் அடிக்கடி அறுந்துபோகும். எனவே ஒருவர் மெயிலை இன்னொருவர் வாங்கிக் கடத்திவிடுவது உதவியாகக் கருதப்பட்டது. 1990-களில் விளம்பர வியாபாரிகள் வந்ததும் அந்த உதவியே வினையானது. அப்போது மிகவும் பிரபலமாக இருந்த சென்ட்மெயில் சாஃப்ட்வேர், 1998-ல் வெளியான 8.9 பதிப்பில்தான், நிறுவும்போதே வெளியார் மெயிலை மறுக்கும்படி மாற்றப்பட்டது.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்துவிட்டதே என்கிறீர்களா? இல்லை. சாஃப்ட்வேர் மூடிக் கொடுத்த கதவை நாம் திறந்துவிட முடியும்.

எனக்குத் தெரிந்த ஒரு சிறிய ஏற்றுமதி நிறுவனத்தில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வரை அமைத்திருந்தார்கள். அலுவலகத்திலிருந்து மெயில் போனது. முதலாளி வீட்டிலிருந்து அனுப்பினால் போகவில்லை. அமைத்துக் கொடுத்தவர், நம்பகமான நெட்வொர்க்குகளின் பட்டியலில் 0.0.0.0/0 என்று ஒரு வரி சேர்த்தார். மெயில் போனது, பில்லும் பாஸானது. ஆனால் அந்த வரிக்குப் பொருள், உலகில் உள்ள அத்தனை ஐபி முகவரிகளும் நம்மவர்கள் என்பது! சில நாட்களில் ஸ்பேம் அனுப்புகிறவர்கள் அந்த சர்வரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சர்வரின் முகவரி தடுப்புப் பட்டியல்களில் ஏறியது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய கொட்டேஷன்கள் எல்லாம் திரும்பி வந்தன.

அதைச் சரிசெய்ய உதவப் போனபோது வேலை ஒரு மணி நேரம்தான். அந்த வரியை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து அனுப்புபவர்கள் 587-ஆம் போர்ட் வழியாகப் பாஸ்வேர்ட் கொடுத்து அனுப்பும்படி அமைத்தோம். இப்போது சர்வர் மூன்று கேள்விகள் கேட்கிறது. வருபவர் நம் நெட்வொர்க்கா? பாஸ்வேர்ட் கொடுத்தாரா? பெறுபவர் நம் ஆளா? மூன்றுக்கும் இல்லை என்றால் மெயிலை வாங்காது. பிறகு வெளியில் உள்ள வேறொரு சர்வரிலிருந்து சோதித்தோம். "ரிலே ஆக்சஸ் டினைட்" என்று பதில் வந்த பிறகுதான் வேலை முடிந்தது. ஆனால் போன பெயரை மீட்டுத் தடுப்புப் பட்டியல்களிலிருந்து வெளியே வர வாரக்கணக்கில் ஆயிற்று.

என் வாதம் இதுதான். மெயில் போகிறது என்பதை வேலை முடிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். அது பாதிச் சோதனைதான். போகக் கூடாத மெயில் போகாமல் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் மீதிப் பாதி. அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு பணம் கொடுப்பவருக்கும் உண்டு.

இதை எல்லோரும் ஏற்பதில்லை. எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனை நிறுவியவர்களுள் ஒருவரான ஜான் கில்மோர், கொள்கைக்காகவே தன் சர்வரை ஓப்பன் ரிலேயாக வைத்திருந்தார். வெளியூர் போகும் நண்பர்கள் அதன் வழியே மெயில் அனுப்பலாம் என்பது அவர் எண்ணம். கதவை மூடினால் சுதந்திரம் குறையும் என்ற கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் பாஸ்வேர்ட் கொடுத்து மெயில் அனுப்பும் முறை 1999-லேயே வந்துவிட்டது. நண்பருக்குச் சாவி கொடுக்க வழி இருக்கும்போது கதவைக் கழற்றி வைக்க வேண்டியதில்லை.

மெயில் சர்வரே இல்லாத வீட்டுக்காரர்களுக்கு இதில் என்ன என்று நினைக்க வேண்டாம். ஓப்பன் ரிலே சர்வர்களைப் பட்டியலிட்டு வந்த ஓஆர்டிபி என்ற அமைப்பு 2006 டிசம்பரில் மூடப்பட்டது. அதற்குள் ஸ்பேம் அனுப்புகிறவர்கள் வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இடம் மாறிவிட்டார்கள். 2016-ல் மிராய் என்ற புரோகிராம், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துப் பிறரைத் தாக்கப் பயன்படுத்தியது. அவற்றை வாங்கியவர்களின் வீட்டில் கேமரா நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது!

எனவே புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மூன்று விஷயங்களைச் செய்யுங்கள். ரவுட்டருடன் வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றுங்கள். மெயில் பாஸ்வேர்டை வேறு எந்தத் தளத்திலும் பயன்படுத்தாதீர்கள். அது திருட்டுப் போனால், சரியாக அமைத்த சர்வரும் திருடனை உங்கள் பெயரில் அனுமதித்துவிடும். கம்ப்யூட்டரையோ கேமராவையோ அமைக்க வருபவர் "எல்லாம் வேலை செய்கிறது சார்" என்று சொல்லும்போது, "வெளியாள் ஒருவர் முயன்றால் என்ன ஆகும், காட்டுங்கள்" என்று கேளுங்கள். அதைக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.