ஊட்டியும் ஊராட்சியும்

நீலகிரி என்றால் தேயிலை, காடு, ஹட்டிகள் எனும் மலைக் கிராமங்கள் என்றுதான் நம் மனதில் படம் விரிகிறது. ஆனால் 2011 கணக்கெடுப்பின்படி அந்த மாவட்டத்தில் நூற்றுக்கு 59 பேர் நகரவாசிகள். தமிழ்நாட்டின் சராசரியே 48தான். நகராட்சிகள், பேரூராட்சிகள், ஊராட்சிகள் என்று ஒரே மலையை எத்தனையோ அலுவலகங்கள் ஆள்கின்றன.

மலையில் எதுவும் வரைபட எல்லைக்குள் நிற்பதில்லை. ஊட்டி நகரம் குடிக்கும் தண்ணீர், ஊருக்கு வெளியே காட்டுக்குள் இருக்கும் பார்சன்ஸ்வேலி அணையிலிருந்து வருகிறது. நகரத்தின் கழிவு ஓடையில் கலந்தால், அது கீழே கேரட் விளையும் பள்ளத்தைத்தான் தேடிப் போகும். மேலே மண்ணை வெட்டிக் கட்டடம் எழுப்பினால், அடைமழையில் பயந்து கிடப்பது சரிவில் குடியிருப்பவர்கள்.

இப்படிப்பட்ட விஷயங்களைச் சேர்ந்து முடிவெடுக்கத்தான் அரசியலமைப்பின் 243-இசட்.டி. பிரிவு மாவட்டத் திட்டக் குழுவைத் தந்திருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு உறுப்பினர்களை மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களும் நகர்மன்ற உறுப்பினர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். கிராமம், நகரம் இரண்டின் மக்கள்தொகைக்கு ஏற்ப. தண்ணீர்ப் பங்கீடு, நிலப் பயன்பாடு, சுற்றுச்சூழல் எல்லாம் அதன் பொறுப்பு.

நடப்பது வேறு. 2024 மே 7 முதல், ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதிச் சீட்டு வந்தது. 2025 கோடையில் சாதாரண நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. இரண்டும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுகள். வரம்பு தேவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஊட்டிக் கடைக்காரரும் கேத்தி விவசாயியும் கூடலூர்க்காரரும் எதிரெதிரே உட்கார்ந்து வாதாடி முடிவு செய்ய வேண்டிய எண் அது. இதற்கிடையில், 2019இல் தேர்வான ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். கிராமத்தின் குரலே இல்லாமல் எந்தக் குழு பேச முடியும்?

கூடிச் செய்வது மலைக்குப் புதிதும் அல்ல. கொழுந்துக்கு விலை கிடைக்காத சிறு விவசாயிகள் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளை அமைத்தார்கள்; அவற்றின் இணையமான இன்ட்கோசர்வ் 1965 முதல் இயங்குகிறது. விலைச் சண்டை இன்றும் ஓயவில்லைதான். ஆனாலும் முறையிட அங்கே ஓர் இடம் இருக்கிறது.

ஊராட்சித் தேர்தலை நடத்துங்கள். பிறகு திட்டக் குழுவைக் கூட்டி, சுற்றுலாவால் நகரங்களுக்கு வரும் வருவாயில் நீரூற்றுகளைக் காக்கும் ஊராட்சிகளுக்கு எத்தனை பங்கு என்பதை முதல் தீர்மானமாக வையுங்கள்.