துப்பாக்கி யாருக்குக் கிடைக்கும்?

2021 அக்டோபர் 1-ந் தேதி மசினகுடியில் மாடு மேய்த்த முதியவரைப் புலி கொன்றது. டி-23 என்ற அந்தப் புலி அக்டோபர் 15-ல் உயிருடன் பிடிபட்டது. “கையில் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால்!” என்று கூலிக்காரன் ஏங்குகிறான். ஏக்கம் நியாயமே. ஆனால் தோழர்களே, துப்பாக்கி யாருக்குக் கிடைக்கும்?

1878-ல் வெள்ளையன் போட்ட ஆயுதச் சட்டம் இந்தியனுக்கு லைசென்ஸ் கேட்டது; துரைமார்களுக்கு விலக்களித்தது. 1959-ன் சட்டம் பணபேதத்தை ஒழித்ததா? மனு, போலீஸ் விசாரணை, கலெக்டர் உத்தரவு, துப்பாக்கி விலை, தோட்டா விலை! இத்தனைக்கும் எத்தனை மாதக் கூலியை அடகு வைப்பது?

பணக்காரன் துப்பாக்கி யாரைக் காத்தது? 1968 டிசம்பர் 25-ல் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட ஏழைகள் மீதே அது பாய்ந்தது. குடிசைக்கு வைத்த தீயில் 44 உயிர்கள் வெந்தன!

கடன்பட்டு வாங்கும் நாட்டுத் துப்பாக்கி யானையை நிறுத்தாது. காயம்பட்ட யானை வெறிகொண்டு அடுத்த குடிசையை இடிக்கும். தற்காப்புக்கே சுட்டேன் என்று கோர்ட்டில் நிரூபிக்க வக்கீலுக்குப் பணம் ஏது?

ஆகவே சர்க்காரைக் கேட்போம்: இருட்டுமுன் வீடு சேர பஸ்! பாடிகளுக்குத் தெருவிளக்கு! வீட்டுக்கு வீடு கக்கூஸ்! விறகுக்குக் காடேறாதிருக்க காஸ்! உயிரிழந்தோர் குடும்பத்துக்கு உடனடி நஷ்டஈடு!

ஒருவன் தோளில் துப்பாக்கி அவன் ஒருவனையே காக்கும். சங்கம் ஊரையே காக்கும். சங்கத்தில் சேருங்கள்!