அடிபட்ட விமானத்தின் முன்கதை யாருக்குத் தெரியும்?

2018 ஜூன் 28. மும்பை காட்கோபரில், கட்டி முடியாத ஒரு கட்டடத்தருகே சிறிய விமானம் ஒன்று விழுந்து எரிந்தது. ஜுஹுவிலிருந்து சோதனை ஓட்டத்துக்குக் கிளம்பிய கிங் ஏர் சி90. உள்ளே இருந்த நால்வரும் இறந்தனர். தெருவில் போன ஒருவரும் இறந்தார்.

அதன் பதிவெழுத்து விடி-யுபிஇசட். அதைப் பார்த்து, உத்தரப் பிரதேச அரசின் விமானம் என்று செய்தி பரவியது. லக்னோ உடனே மறுத்தது. அலகாபாத்தில் அந்த விமானம் விபத்தில் சிக்கியதாகவும், பிறகு 2014-இல் மும்பை நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டதாகவும் அரசு சொன்னது.

அடிபட்ட விமானம். கைமாறிய விமானம். மும்பையின் நெரிசலான தெருக்களுக்கு மேலே சோதித்துப் பார்க்கப்பட்ட விமானம். இந்த முன்கதை ஊருக்குத் தெரிய ஐந்து பிணங்கள் விழ வேண்டியிருந்தது.

விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டிஜிசிஏவுக்கு இது முன்பே தெரியும். விமானத்தைப் பதிவு செய்வது டிஜிசிஏ. உரிமையாளர் பெயரை மாற்றித் தருவது டிஜிசிஏ. பறக்கத் தகுதியுண்டு என்று சான்று கொடுப்பதும் டிஜிசிஏ. ஆகவே பதில் சொல்ல வேண்டியதும் டிஜிசிஏதான்.

ஆனால் பாடம் கற்கவில்லை. 2023 அக்டோபர் 19-இல் பாராமதியில் ரெட்பேர்ட் பயிற்சிப் பள்ளியின் விமானம் ஒன்று விபத்துக்குள்ளானது. 22-ஆம் தேதி இன்னொன்று. ஆறு மாதத்தில் ஐந்து சம்பவங்கள் ஆன பிறகுதான் அந்தப் பள்ளியில் பயிற்சி நிறுத்தப்பட்டது. ஐந்து வரை எண்ணிக்கொண்டிருந்தவர்கள் யார்?

நம் மாநிலத்துக்கே வருவோம். 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா பயிற்சி விமானம், திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் இறங்கியது. பஸ்ஸும் லாரியும் ஓடும் சாலை அது. இருவரும் பிழைத்தார்கள். அவர்கள் அதிர்ஷ்டம், அதில் நிர்வாகத்துக்குப் பங்கு கிடையாது. அந்த விமானம் எந்த ஆண்டு தயாரானது? யாரிடமிருந்து யார் வாங்கினார்? முன்பு எங்கே அடிபட்டது, யார் சரிசெய்தார்? இவற்றை மக்கள் முன் வைப்பது டிஜிசிஏவின் கடமை. கேட்ட பிறகு அல்ல, கேட்கும் முன்பே.

2025 அக்டோபரில் டிஜிசிஏ பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிட்டது. உச்சத் தரம் ஒரு பள்ளிக்கும் கிடைக்கவில்லை. பெரும்பாலானவை கடைசிப் பிரிவான 'சி'யில் கிடந்தன. இத்தனை ஆண்டுகளாக இவற்றுக்கு உரிமம் கொடுத்துப் புதுப்பித்தது யார் என்று அந்தப் பட்டியல் சொல்லவில்லை. பள்ளிக்கு மார்க் போட்டவர்கள் தமக்கும் ஒன்று போட்டுக்கொண்டிருக்கலாம்.

சின்ன வண்டிகளுக்கு இதெல்லாம் எதற்கு என்ற அலட்சியம் வேண்டாம். ஜைரோகாப்டரைப் பாருங்கள். பறக்கும்போது தலைமேல் சுழலும் இறக்கைக்கு எஞ்சின் விசை கிடையாது, காற்றுதான் சுற்றுகிறது. சக்கரம் தரையைத் தொட்ட பிறகும் இறக்கை சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் பக்கக்காற்று ஒன்று தள்ளினால் வண்டி சாயும். இறக்கை தரையில் மோதி முறியும். மோதிய அதிர்ச்சி மேலேயிருந்து தண்டு வரை இறங்கும். புது இறக்கை மாட்டி, பெயின்ட் அடித்து நிறுத்தினால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. லாக்புக்கில்தான் தெரியும். லாக்புக்கை வாங்குகிறவர் பார்க்கலாம். பணம் கட்டி ஏறி உட்காருகிறவர் பார்க்க முடியுமா?

பிரிட்டனில் பதிவெழுத்தைத் தட்டினால் போதும். தயாரான ஆண்டு, இன்றைய உரிமையாளர், முந்தைய பதிவு எல்லாம் வந்துவிடும். ஒரு ஜைரோகாப்டர் இறங்கும்போது கவிழ்ந்தாலும் அந்நாட்டு விசாரணை அமைப்பு அதை எழுதி வெளியிடுகிறது. ஆள் சாகாவிட்டாலும் எழுதுகிறது. நம் விபத்து விசாரணை அமைப்போ டிஜிசிஏ இருக்கும் அதே விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. சான்று கொடுத்தவரையும் அதைச் சோதிப்பவரையும் ஒரே கூரைக்குள் வைத்தால் உண்மை எப்படி வெளியே வரும்?

நம் தூத்துக்குடி மாவட்டத்து ஆழ்வார்திருநகரியில் பழைய பைக் வாங்குகிறவர்கூட முதலில் ஆர்.சி.யைக் கேட்கிறார். எத்தனை கை மாறியது, சேஸிஸ் வளைந்து நிமிர்த்தியதா என்று தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிவந்து பார்க்கிறார். விமானத்தில் ஏறுகிறவருக்கு அந்த உரிமை இல்லை என்பது வெட்கக்கேடு.

இது நமக்குத் தூரத்துச் சங்கதியல்ல. தாமிரபரணிக்கு வடக்கே வாகைகுளத்தில், சுமார் 450 கோடி ரூபாயில் விரிவாக்கிய தூத்துக்குடி விமான நிலையம் 2025 ஜூலையில் திறக்கப்பட்டது. கோவில்பட்டியின் பழைய ஓடுதளத்தில் விமானிப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர தமிழக அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ முனைந்திருக்கிறது. உத்தரகண்டில் சுற்றுலாவுக்கு ஜைரோகாப்டர் வந்தாயிற்று. மணப்பாட்டுக் கடற்கரைக்கும் ஒருநாள் வரும். வரட்டும். ஆனால் எவரோ ஓட்டி, எங்கேயோ மோதி, எவரோ ஒட்டுப்போட்டு விற்ற விமானங்கள் நம் பிள்ளைகளின் தலைமேல் வரக்கூடாது.

டிட்கோ தன் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். பள்ளிக்கு வரும் ஒவ்வொரு விமானத்தின் வயதும், முந்தைய உரிமையாளர்களும், பட்ட விபத்துகளும் தமிழில் எழுதி வாசலில் ஒட்டப்பட வேண்டும். எழுதித் தராத விமானத்துக்கு அங்கே இடமில்லை என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

டிஜிசிஏ தன்னிடமுள்ள பதிவுகளைத் திறந்து வைக்க வேண்டும். விபத்தில் சிக்கிய விமானம் கைமாறினால், புதிய சான்றில் கையெழுத்திட்ட அதிகாரியின் பெயரும் அதில் இருக்க வேண்டும். 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள பாரதிய வாயுயான் சட்டத்தின் கீழ் விதி வகுக்க அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. அதிகாரம் இருந்தும் செய்யாதது குற்றம்.

காட்கோபரில் இறந்த அந்த வழிப்போக்கர் விமானத்தில் ஏறவே இல்லை. அவர் பெயரால் கேட்கிறோம்: தூத்துக்குடித் தொகுதியின் மக்களவை உறுப்பினர், விமானங்களின் முன்கதையை மக்கள் முன் ஏன் வைக்கவில்லை என்ற கேள்வியை அடுத்த கூட்டத்தொடரிலேயே எழுப்ப வேண்டும். விமானப் போக்குவரத்து அமைச்சர் எழுத்தில் பதில் தர வேண்டும்.