வந்த ஊரும் சொந்த ஊரும்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மண்ணில் குடியேறியவர்க்கு எக்காலத்தும் ஒரு வினா உண்டு. வந்த ஊர் சொந்த ஊராவது எப்பொழுது? வீடு கட்டினால் ஆகுமா? பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறினால் ஆகுமா? பிள்ளைகள் அங்கே பிறந்தால் ஆகுமா? தங்கவயலில் மூன்று, நான்கு தலைமுறைகளாய் வாழும் குடும்பங்களிலும் இவ்வினா இன்னும் ஓயவில்லை. ஆகவே இத்திங்கள் இப்பகுதியில் அதனையே எடுத்துக்கொள்கின்றோம்.

விடை தேடி நாம் புகுவது கிறிஸ்தவ மிஷனெரிமார் சிலரின் இல்லங்களுக்குள். நம் சங்கத்தில் எல்லாச் சமயத்தவரும் உளர். மாரிக்குப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதர் வழிவந்த பௌத்தர் வளர்ந்த வரலாற்றையும், கோயில் திருவிழாக்களையும், தமிழில் ஆராதனை நடக்கும் தேவாலயங்களையும் ஒருங்கே கொண்டது நம் ஊர். எனவே சமயம் பரப்புதல் தகுமா தகாதா என்னும் வாதம் இங்கே நம் பொருளன்று. ஊரும் உறவும் மொழியும் வேறான இடத்தில் அவர்கள் எவ்வாறு அடுப்பு மூட்டினர், எவ்வாறு அயலாரோடு பழகினர் என்பதே நாம் காண விழைவது. பிழைப்புத் தேடி வந்த நமக்கும் அவர்களுக்கும் நோக்கம் வேறாயினும், புது ஊரில் முதல் நாள் படும் பாடு ஒன்றே.

முதலில் நம்மிடம் வந்தவர்களைக் காண்போம். செருமனி நாட்டினரான சீகன்பால்கு, தேனிய மன்னர் அனுப்ப, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்துநான்குகூட நிறையவில்லை. அவரை வரவேற்க அங்கே யாருமில்லை. தேனியக் கோட்டை அதிகாரிகளுக்கே அவர் வரவு உவப்பாக இல்லை. பின்னர் அக்கோட்டைத் தலைவரே அவரைச் சில திங்கள் சிறையிலும் வைத்தார். அத்தகைய நிலையில் அவர் செய்த முதற் செயல் யாது? ஒரு தமிழ் ஆசிரியரை அமர்த்தி, சிறு பிள்ளைகளோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் எழுதிப் பழகியதே. பல்கலைக்கழகம் கண்ட இளைஞர் ஐந்து வயதுப் பிள்ளைகளோடு அமர நாணவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்குள், 1715 இல், தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. 1719 இல் முப்பத்தாறு வயதில் அவர் மறைந்தார். அவர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

அடுத்தவர் கால்டுவெல். 1838 இல் சென்னை வந்து, 1841 இல் திருநெல்வேலிச் சீமையின் தேரி மணலில் உள்ள இடையன்குடியில் குடியமர்ந்தார். 1856 இல் வெளிவந்த அவருடைய ஒப்பிலக்கணத்தைப் பற்றி நம் மேடைகளில் பேசாதார் இல்லை. அவர் வீட்டைப் பற்றிப் பேசுவார்தாம் இல்லை. அவர் மனைவியார் எலைசா, நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் என்பாரின் மகள். அவ்வூரிலேயே வளர்ந்தவராதலின் தமிழ் அவருக்கு இயல்பாய் வந்தது. நாகர்கோவிலில் தம் அன்னையார் பெண்களுக்குக் கற்பித்த லேஸ் பின்னும் தொழிலை அவர் இடையன்குடிக்கும் கொண்டுவந்து, பெண் பிள்ளைகளுக்குப் பள்ளியும் நடத்தினார். கணவர் ஏட்டில் கற்ற மொழியை மனைவி அடுக்களையிலும் தெருவிலும் கற்றிருந்தார். குடியேறிய குடும்பத்தில் இரண்டாம் தலைமுறைப் பெண் எத்துணைப் பெரிய பாலமாகின்றாள் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. நம் வீடுகளிலும் பாட்டியை மருத்துவமனைக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அழைத்துச் சென்று கன்னடத்தில் பேசி வேலையை முடித்து வருபவள் பள்ளியில் படிக்கும் பேத்திதானே?

இவ்விருவரும் மேனாட்டினர். நம்மவருள் ஒருவர் வேற்று நாட்டுக்குச் செல்வதுபோல் வேற்று மொழி நாட்டுக்குச் சென்று குடியமர்ந்த வரலாறும் உண்டு. அதுவே நமக்கு மிக அண்மையானது.

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874 இல் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த வெள்ளாளன்விளையில் பிறந்தவர். தந்தையார் குருவானவர். மைந்தர் சிறுவராக இருக்கையிலேயே அவர் காலமானார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றபின் அசரியா 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். 1902 இல் யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தம் பொருளைக் கொண்டே கடலுக்கு இப்பால் ஊழியரை அனுப்புவதைக் கண்டார். ‘சிறிய யாழ்ப்பாணம் செய்வதைத் திருநெல்வேலி செய்யலாகாதா?’ என்னும் எண்ணம் அவர் உள்ளத்தைத் தைத்தது. அடுத்த ஆண்டே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. ஆளும் நம்மவர், பணமும் நம்மவர் பணம், நிருவாகமும் நம்மவர் நிருவாகம் என்பது அதன் கொள்கை.

அச்சங்கம் தெரிந்தெடுத்த இடம் நிஜாம் அரசின் ஆட்சியில் இருந்த தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதி. இன்று இரவு வண்டி ஏறினால் மறுநாள் சென்றடையும் தொலைவுதான். ஆயினும் திருநெல்வேலி மக்களுக்கு அன்று அது அயல்நாடே. அரசு வேறு, மொழி வேறு, எழுத்து வேறு, உணவு வேறு. தோர்ணக்கல் ஓர் இருப்புப்பாதைச் சந்திப்பு. சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கத்துக்கு அங்கிருந்து கிளைப்பாதை பிரிகின்றது. பௌரிங்பேட்டை என்று முன்னர் வழங்கிய பங்காருப்பேட்டையில் இறங்கிச் சுரங்கப் பாதையில் வண்டி மாறிய நம் முன்னோருக்கு அக்காட்சி புதிதாக இருந்திராது.

பிறரை அனுப்பிவிட்டுத் தாம் சென்னையில் இருந்துகொள்வது அசரியாவுக்கு ஒவ்வவில்லை. 1909 இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே தோர்ணக்கல் சென்றார். வயது முப்பத்தைந்து. நாடெங்கும் அறிந்த பெயர் அவருடையது. நல்ல பதவியும் இருந்தது. அவற்றை விட்டு வந்த இடத்தில் முதலில் அவருக்குக் கிடைத்தது கூடாரவாசமே. ஊர் ஊராகச் செல்ல மாட்டுவண்டி. தெலுங்கும் அகரம் முதல் கற்க வேண்டியிருந்தது. தமிழுக்கு உறவுமொழி என்பதால் எளிது என எண்ணுவோர் கற்றுப் பார்க்கட்டும். உறவுச் சொற்கள்தாம் பொருள் மாறி வந்து நம்மை முதலில் இடறச் செய்யும். ஆயினும் அவர் அம்மொழியிலேயே உபதேசம் செய்யும் அளவுக்குத் தேர்ந்தார்.

அவர் மனைவியார் அன்பு மரியம்மாள். கல்லூரி கண்ட தமிழ்ப் பெண்கள் மிகச் சிலராக இருந்த அக்காலத்தில் அவர்களுள் ஒருவர். 1898 இல் திருமணம். கணவர் ஊர்ப்பயணத்தில் இருக்கும் நாள்கள் மிகுதி. பிள்ளைகளை வளர்ப்பதும், வருவோர்க்குச் சோறிடுவதும், தெலுங்குப் பெண்களிடையே பணி செய்வதும் அவ்வம்மையார் தலையில் விழுந்தன. நம் வீடுகளில் பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று ஆடவர் நிலத்தடியில் இருக்கையில் குடும்பத்தைத் தாங்கிய தாய்மாருக்கு அம்மையாரின் நிலை சொல்லாமலே விளங்கும். குடியேற்றம் என்பது பாதிக்கு மேல் பெண்ணின் உழைப்பு. வரலாறு எழுதுவோர் அதனை ஒரு வரியில் முடித்துவிடுவர்.

பொருளுக்கு வழி? தமிழ்நாட்டுச் சபைகளில் பிடியரிசி என்றொரு வழக்கம் உண்டு. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலத்தில் போட்டு வைத்து, கலம் நிறைந்ததும் காணிக்கையாகக் கொடுப்பர். காசில்லாத வீடும் கொடுக்கும் வீடாகும் வழி அது. தோர்ணக்கல்லின் ஏழைச் சபைகளுக்கும் அசரியா இவ்வாறு தமக்கு உள்ளதிலிருந்து கொடுத்துப் பழகுவதையே வற்புறுத்தினார். பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும் சபை தன் காலில் நிற்காது என்பது அவர் துணிபு.

1910 இல் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. அசரியா அங்கே பேசியது இன்றும் நினைக்கப்படுகின்றது. மேனாட்டு ஊழியர்கள் இந்தியருக்காகப் பொருளையும் உடலையும் ஈந்ததை நன்றியோடு ஒப்புக்கொண்டார். ஆயினும் அவர்களிடம் தாம் வேண்டுவது நட்பு என்றார். மேலிருந்து கொடுக்கும் கையைக் காட்டிலும், அருகில் அமரும் தோழமையே அவர் கேட்டது. அவையில் சிலருக்கு அச்சொல் கசந்தது.

அதனைக் கேட்டவர்க்குத் தோர்ணக்கல்லில் ஒரு சோதனையும் காத்திருந்தது என்று நாம் கருதுகின்றோம். அங்கே அவரே கற்றவர், அவரே வெளியூரார். அவரிடம் வந்தவர்களுள் மிகப் பலர் மாலர், மாதிகர் எனப்பட்டு ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட உழைப்பாளிகள். வெள்ளையரிடம் தாம் கேட்ட தோழமையைத் தாமே அம்மக்களுக்கு அளிக்கக் கடமைப்பட்டவரானார். சபைக்குள் சாதி நுழைவதை அவர் வன்மையாக எதிர்த்தார். 1912 டிசம்பர் 29 ஆம் நாள் கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் அப்பதவி பெற்றது அதுவே முதன்முறை. அதன் பின்னும் அவர் குடியிருப்பு தோர்ணக்கல்லே. 1939 இல் அங்கே அவர் பிரதிஷ்டை செய்த பேராலயம் கோயில் தூண்களின் சாயலையும் மசூதிக் குவிமாடங்களின் சாயலையும் ஒருங்கே கொண்டு நிற்கின்றது. ஊரார் கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றலாகாது என்பதே அதன் கருத்து. 1945 சனவரி முதல் நாள் அவர் மறைந்தார். வெள்ளாளன்விளைக்கு அவரை யாரும் கொண்டுசெல்லவில்லை. அவர் உடல் தோர்ணக்கல் மண்ணிலேயே அடங்கியது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1880 இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்க வேலையை மேற்கொண்ட பின் மேனாட்டினர் பலர் வந்து குடியேறினர். 1902 இலேயே சிவசமுத்திரத்து மின்சாரம் இங்கே வந்தது. பங்களா, கிளப், கோல்ப் மைதானம் எல்லாம் எழுந்தன. ‘குட்டி இங்கிலாந்து’ என்று இவ்விடத்தை அழைத்தனர். அப்பெயரிலேயே குறை தெரிகின்றதன்றோ? வந்த ஊரில் இருந்துகொண்டே விட்ட ஊரில் வாழ்ந்தனர் பலர். காலம் மாறியதும் கப்பல் ஏறினர். பங்களாக்கள் நிற்கின்றன, அவற்றில் வாழ்ந்தவர்களின் பெயரைச் சொல்லுவார் அரியர்.

அவர்களைக் குறைகூறும் நாம் நம்மையும் பார்த்தல் வேண்டும். வடாற்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்தும் வந்த நம் முன்னோர் லைன் வீடுகளில் ஒரு குட்டித் தமிழ்நாட்டை அமைத்துக்கொண்டனர். அது குற்றமன்று. கம்பெனி கொடுத்த இடத்தில் இருந்தனர்; சுரங்கத்துள் தமிழே போதுமானதாக இருந்தது; பாறை இடிந்து விழும் ஆழத்தில் உயிரைப் பணயம் வைத்தவர்க்கு மாலைப் பள்ளிக்கு ஏது பொழுது? ஆனால் 2001 பிப்ரவரி 28 ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. குட்டித் தமிழ்நாட்டைத் தாங்கிய தூண் அன்றே சாய்ந்தது. இன்று நம் பிள்ளைகள் விடியுமுன் மாரிக்குப்பம் வண்டியில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். அரசு வேலைக்குக் கன்னடம் வேண்டும். அலுவலகத்தில் மனு எழுதக் கன்னடம் வேண்டும். ஏன், எதிர் இருக்கையில் அமர்ந்திருப்பவரோடு மனம் விட்டுப் பேசவும் அது வேண்டும்.

‘கன்னடம் கற்றால் தமிழ் போய்விடுமே’ என்று அஞ்சும் பெரியோர் நம்மிடையே உளர். அவர்தம் அச்சத்தை நாம் எளிதாகத் தள்ளவில்லை. மொழியால் மூண்ட கலவரங்களை இந்நாட்டுத் தமிழர் கண்டிருக்கின்றனர். அந்த வடு ஆறுவது எளிதன்று. ஆயினும் தமிழ் கற்றதால் கால்டுவெல்லின் ஆங்கிலம் குன்றவில்லை. தெலுங்கு கற்றதால் அசரியா தமிழர் அல்லாதவர் ஆகிவிடவில்லை. தமிழ் போவது பிறமொழி கற்பதால் அன்று. வீட்டில் தமிழ் நூல் ஒன்றும் இல்லாமையாலும், பிள்ளைக்குக் கையெழுத்துப் பழக்காமையாலும் போவது. இவ்விரண்டையும் செய்யாத வீட்டில் கன்னடத்தைத் தடுத்துப் பயன் என்ன?

ஆகவே நம் வேண்டுகோள் இரண்டு. பள்ளியில் கன்னடம் படிக்கும் பிள்ளைகள் நாள்தோறும் அரைமணி நேரம் வீட்டில் ஆசிரியராக அமரட்டும்; தாயும் பாட்டியும் தயங்காது மாணவியர் ஆகட்டும். மணலில் எழுதிய சீகன்பால்கை நினைத்தால் நாணம் நீங்கும். அதே அரைமணி நேரத்துக்கு ஈடாகப் பெரியோர் அப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதக் கற்பிக்கட்டும். கொடுப்பதும் கொள்வதுமாக இரு மொழியும் ஒரே திண்ணையில் வளரும். அடுத்ததாக, நம் இல்ல விழாக்களுக்கு அயல் வீட்டுக் கன்னடத்தாரையும் தெலுங்கரையும் அழைப்போம். அழைப்பிதழோடு நின்றுவிடாமல் பந்தியில் அருகில் அமர்ந்து உண்போம்.

நம் பாட்டனும் பாட்டியும் இம்மண்ணிலேயே உறங்குகின்றனர். இவ்வூர் நம் ஊர் என்பதற்கு அவர்கள் தம் பங்கைச் செலுத்திவிட்டனர். எஞ்சிய பங்கு நம்முடையது. சைனைட் மேடுகளைக் கண்டு பெருமூச்சு விடுவதால் அது தீராது. அயலாரின் சொல்லைக் கற்று, அவர் திண்ணையில் அமர்ந்து தீர்க்க வேண்டிய கடன் அது. அன்பர்கள் இத்திங்களே தொடங்குவார்களாக.